மூன்று மாதமாகியும் எஃப் கார்டு வரவில்லை என்றால்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வயது 34, வேலைக்குப் போகிறீர்கள், மூன்று மாதமாக யூடியூப் பார்த்து அக்கூஸ்டிக் கிட்டார் பழகுகிறீர்கள். விரல் நுனி இன்னும் வலிக்கிறது. எஃப் கார்டு (கார்டு என்பது பல கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்தால் பாதிக் கம்பி பேசவே மாட்டேன் என்கிறது. பாடிக்கொண்டே வாசித்தால் குரலும் கிட்டாரும் சேரவில்லை. "வயதாகிவிட்டதா, விரல் குட்டையா, வாத்தியாரிடம் போகணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் மூன்று மாதிரி தெரிந்தாலும், அடியில் இருப்பது ஒன்றுதான்: கோளாறு என்னிடமா, வேறெங்காவதா? அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன். நான் சென்னையில் பல வருடங்களாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல வேலை முடிந்து மாலையில் வருகிறவர்கள். நான் சொல்வதெல்லாம் அக்கூஸ்டிக் கிட்டாருக்கும், பாட்டுக்குத் துணையாக வாசிப்பதற்கும் பொருந்தும். எலெக்ட்ரிக் கிட்டாரில் ராக், மெட்டல் வாசிக்க விரும்புகிறவர்கள் அந்தத் துறையில் ஊறியவரைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் உங்கள் கையை விட்டுவிட்டுக் கிட்டாரைப் பாருங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் யாருமே இதைச் செய்வதில்லை. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிகள்தான் ஃப்ரெட், தலைப்பக்கத்திலிருந்து எண்ணுவோம். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் இருக்கும் உயரத்தை ஆக்‌ஷன் என்போம். 12ஆவது ஃப்ரெட்டின் மேல், தடித்த ஈ கம்பியின் அடியில் இந்த இடைவெளி இரண்டிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. மெல்லிய ஈ கம்பிக்கு இன்னும் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஏடிஎம் அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர். எழுத்துப் புடைக்காத அட்டைகளாக மூன்றை அடுக்கினால் ஏறத்தாழ 2.3 வரும். கிட்டாரைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு, மூன்று அட்டையையும் 12ஆவது ஃப்ரெட்டின் மேல் வைத்துத் தடித்த கம்பியின் அடியில் நுழையுங்கள். கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றால் பிரச்சினை இல்லை. நான்கு அட்டை தாராளமாகப் போய் வருகிறது என்றால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கிட்டாரில் எனக்கே எஃப் பிடிக்கக் கை வலிக்கும்.

அடுத்தது, எஃப் கார்டுக்கு இதைவிட முக்கியமானது: நட். தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பட்டைதான் நட். அதிலுள்ள பள்ளங்கள் போதிய ஆழம் இல்லாவிட்டால் முதல் ஃப்ரெட்டில் கம்பி தூக்கலாக நிற்கும். கம்பி கட்டியிருக்கும் முனைக்குப் பக்கத்தில் அழுத்தும்போது அது அதிகம் முரண்டு பிடிக்கும், நடுவில் அழுத்தினால் எளிதாக வளையும். எஃப் பிடிப்பதோ சரியாக அந்த முனையில், முதல் ஃப்ரெட்டில். ஆக, நட் உயரமாக இருந்தால் அடி முதலில் விழுவது எஃப் கார்டுக்குத்தான். சோதித்துப் பார்க்கலாம். ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் அந்தக் கம்பி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடி கனத்துக்கு இடைவெளி தெரிந்தால் போதும். ஒரு ஏடிஎம் அட்டை நுழையும் அளவு இருந்தால் நட் உயரம். இன்னொரு வழி, கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) முதல் ஃப்ரெட்டில் மாட்டிவிட்டு அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் உங்கள் விரலில் குறை ஒன்றும் இல்லை.

இதைச் சரிசெய்ய நீங்களே அரம் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். நட் பள்ளத்தைக் கொஞ்சம் அதிகமாக அராவிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் இடித்து நொறநொறவென்று சத்தம் வரும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியதுதான். கிட்டார் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து "செட்டப் பண்ணிக் கொடுங்க" என்று கேளுங்கள். நட், பிரிட்ஜில் (கிட்டார் உடலில் கம்பிகள் கட்டியிருக்கும் கட்டை) கம்பிகளைத் தாங்கும் சேடில், கழுத்தின் வளைவு, மூன்றையும் பார்த்துத் தருவார். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி ஆக்‌ஷனைக் குறைக்கலாம் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். அந்தக் கம்பி கழுத்தின் வளைவைச் சரிசெய்ய இருப்பது. ஆக்‌ஷனைக் குறைப்பது சேடிலிலும் நட்டிலும் நடக்க வேண்டிய வேலை. கடையிலிருந்து பெட்டியைப் பிரித்து அப்படியே வாசிக்கத் தொடங்கும் கிட்டார்களில் செட்டப் தேவைப்படாதவை மிகக் குறைவு. விலை கூடிய கிட்டாருக்கும் இது பொருந்தும். கடலோர ஊர் என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஈரம் அதிகமானால் கிட்டாரின் மேல்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும், அதனால் கம்பி மேலே ஏறும். வாங்கியபோது நன்றாக இருந்த கிட்டார் மழைக்காலத்தில் கடினமாகிவிட்டது என்று சொல்பவர்கள் கற்பனை செய்யவில்லை. வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்து, கிட்டாரை உறைக்குள் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

செட்டப்புக்குக் கொடுக்கும்போதே கம்பியையும் மாற்றச் சொல்லுங்கள். அக்கூஸ்டிக்கில் வழக்கமாக வருவது 12 என்று சொல்லப்படும் செட். மெல்லிய கம்பி 0.012 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். ஆறு கம்பியும் சேர்ந்து கிட்டாரை இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். 10 செட் போட்டால் அது 60 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். சத்தம் சற்று மெலியும், ஆனால் விரல் உடனே வித்தியாசத்தை உணரும். விரல் பழகிய பிறகு 11, 12 என்று ஏறிக்கொள்ளலாம். நைலான் கம்பிக் கிட்டாருக்கு மாறலாமா என்று சிலர் கேட்பார்கள். நைலான் விரலுக்கு மென்மையானது, உண்மை. ஆனால் அந்தக் கிட்டாரின் கழுத்து அகலம். நட் பக்கத்தில் ஸ்டீல் கம்பிக் கிட்டார் 43 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் கிளாசிக்கல் கிட்டார் 52 இருக்கும். விரல் குட்டை என்று வருத்தப்படுகிறவர் அதில் இன்னும் எட்டித்தான் பிடிக்க வேண்டும். எது முதலில் நல்லது என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. சினிமாப் பாட்டு பாடி வாசிக்கத்தான் ஆசை என்றால் ஸ்டீல் கம்பியிலேயே இருங்கள் என்பது என் கட்சி.

சரி, வலிக்கு வருவோம். விரல் நுனித் தோல் வலிப்பது எல்லோருக்கும் உண்டு. தினமும் கொஞ்சம் வாசிப்பவர்களுக்குச் சில வாரங்களில் தோல் கெட்டியாகி வலி போய்விடும். எத்தனை நாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகும் வலிக்கிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்று: கம்பி உயரமாக இருக்கிறது, தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள், அல்லது வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு மற்ற நாள் தொடுவதில்லை. இரண்டாவதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல் கம்பியின் மேல் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். வலது கையால் அந்தக் கம்பியை மீட்டிக்கொண்டே இருங்கள். முதலில் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். துளித்துளியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். நடுவில் கரகரக்கும், பிறகு ஒரு கட்டத்தில் சுத்தமாக ஒலிக்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். தேவையானது அவ்வளவுதான். நீங்கள் வழக்கமாகக் கொடுப்பது இதைப் போல இரண்டு மடங்காவது இருக்கும் என்று நினைக்கிறேன். விரல் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் விழுந்தாலும், நகம் வளர்ந்திருந்தாலும் இந்த அளவு கூடிவிடும்.

மணிக்கட்டு, முன்கை, கட்டைவிரலின் அடி ஆகிய இடங்களில் வலி வந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ அது வேறு விஷயம். அதைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரைப் பாருங்கள். கிட்டார் ஆசிரியர் வைத்தியம் சொல்லக்கூடிய இடம் அல்ல அது.

இப்போது எஃப் கார்டு. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் தவிக்கிறார்கள். கார்டின் வடிவத்தை உற்றுப் பாருங்கள். (மெல்லிய கம்பி முதலாவது, தடித்தது ஆறாவது.) ஐந்தாவது, நான்காவது கம்பிகளை மூன்றாவது ஃப்ரெட்டில் வேறு விரல்கள் பிடித்திருக்கின்றன. மூன்றாவது கம்பியை இரண்டாவது ஃப்ரெட்டில் நடுவிரல் பிடித்திருக்கிறது. ஆள்காட்டி விரலால் ஒலிக்க வேண்டியவை ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகள் மட்டுமே. நடுவில் இருக்கும் மூன்று கம்பிகளின் மேல் அந்த விரல் அழுந்தினாலும் ஒன்றுதான், அழுந்தாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் விரலைத் தட்டையாக வைத்து முழுப் பலத்தையும் கொட்ட வேண்டாம். லேசாக நட் பக்கம் உருட்டி, சதை குறைந்த ஓரம் கம்பியில் படும்படி வையுங்கள். விரல் மூட்டின் மடிப்பு இரண்டாவது கம்பிக்கு நேரே வந்தால் அந்தக் கம்பி பேசாது. விரலை அரைக்கால் அங்குலம் மேலோ கீழோ நகர்த்துங்கள். பலம் கட்டைவிரலின் பிடியிலிருந்து வரக் கூடாது. முழங்கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தால் கையின் எடையே கம்பியை அழுத்தும். கட்டைவிரலை எடுத்துவிட்டு ஒரு நொடி வாசித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பழகுவதையும் முதல் ஃப்ரெட்டில் தொடங்காதீர்கள். அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடியுங்கள், அது ஏ மேஜர். அங்கே கம்பி இளகியிருக்கும், ஃப்ரெட்களின் இடைவெளியும் குறைவு. அங்கே ஆறு கம்பியும் சுத்தமாக வந்த பிறகு நான்கு, மூன்று என்று ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்குங்கள். அதுவரை பாட்டு நிற்க வேண்டியதில்லை. எஃப் வரும் இடத்தில் எஃப் மேஜர் செவன் வாசிக்கலாம். நான்காவது கம்பி மூன்றாவது ஃப்ரெட், மூன்றாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட், இரண்டாவது கம்பி முதல் ஃப்ரெட், முதல் கம்பி திறந்தபடி. தடித்த இரண்டு கம்பிகளைத் தொடாதீர்கள். சி மேஜரில் போகும் பாட்டுகளில் பெரும்பாலும் இது உறுத்தாமல் உட்கார்ந்துவிடும்.

ஆனால் என்னைக் கேட்டால், நீங்கள் எஃப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியையாவது வலது கைக்குக் கொடுக்க வேண்டும். மூன்று மாதக்காரர்கள் எல்லோரும் இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கார்டு மாறும்போது வலது கை நின்று, இடது கை வந்து சேரும்வரை காத்திருக்கும். கேட்பவர் காதில் விழுவது அந்தக் காத்திருப்புதான். கார்டு தப்பாக விழுந்தால்கூடத் தாளம் ஓடினால் பாட்டு பாட்டாக இருக்கும். கார்டு சரியாக விழுந்து தாளம் நின்றால் ஒன்றுமே இல்லை. அதனால் இடது உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் சும்மா வைத்துச் சத்தத்தை அடக்கிவிட்டு, வலது கையை மட்டும் மேலும் கீழும் ஓடவிடுங்கள். வாயால் "தகதிமி" சொல்லுங்கள். த, தி இரண்டும் கீழ்நோக்கி, க, மி இரண்டும் மேல்நோக்கி. சில அடிகளில் கம்பியைத் தொடாமல் காற்றில் விடலாம், ஆனால் கை ஓட்டம் நிற்கக் கூடாது. ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன் என்று அம்புக்குறி போட்டு வீடியோக்களில் காட்டுவதெல்லாம், இந்த ஓட்டத்தில் எந்த அடி கம்பியில் படுகிறது, எது படவில்லை என்பதுதான். அப்புறம் நம் பாட்டுகளில் ஏராளமானவை "தகிட தகிட" என்று மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை. அவற்றுக்கு நான்கு எண்ணிக்கைப் பேட்டர்ன் போட்டால் எவ்வளவு பழகினாலும் ஒட்டாது. வாசிக்கும் முன் கைதட்டிப் பாடிப் பார்த்து, அது நான்கா மூன்றா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கார்டு மாற்றுவதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மெட்ரோனோமில் (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 தட்டு வைத்து, நான்கு எண்ணிக்கைக்கு ஒரு கார்டு என்று வாசித்தால் நிமிடத்துக்கு 20 மாற்றம். ஃபோனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து, இரண்டே கார்டுகளை மாறி மாறிப் பிடித்து எண்ணுங்கள். 30 வந்துவிட்டால் அந்த ஜோடி பாட்டில் காலை வாராது. எந்த ஜோடியில் தொடங்குவது என்பதும் முக்கியம். ஏ மைனரிலிருந்து சிக்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும், மோதிர விரல் மட்டும் ஐந்தாவது கம்பிக்கு நகரும். ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்கு மூன்று விரலும் அதே வடிவத்தில் அடுத்த கம்பிகளுக்கு இறங்கும். எந்த விரல் நகரவே வேண்டாம் என்று முதலில் பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மூன்று விரலையும் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாக வைப்பதுதான் வேகம் வராததற்குக் காரணம்.

குரலும் கிட்டாரும் சேரவில்லை என்றீர்கள். இதில் உங்கள் பாட்டையோ கையையோ குறை சொல்ல எதுவும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் கார்டுகள் அந்தப் பாடகரின் சுருதிக்கானவை, உங்களுக்கானவை அல்ல. பாட்டு வகுப்புக்குப் போனவர் யாராவது வீட்டில் இருந்தால் உங்கள் சுருதி எத்தனை கட்டை என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 1 கட்டை என்பது சி, 2 கட்டை டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. கிட்டாரில் ஒரு ஃப்ரெட் என்பது ஹார்மோனியத்தில் பக்கத்துக் கீ, கறுப்பும் வெள்ளையும் சேர்த்து. ஆகவே 1 கட்டைக்குப் பாடுகிறவர் சி சுருதிக்கான கார்டு வடிவங்களையே வாசிக்கலாம். ஒன்றரைக்கு அதே வடிவங்களோடு கேப்போ முதல் ஃப்ரெட்டில். பெண் குரலுக்கு வழக்கமான 5 கட்டை என்றால் ஜி வடிவங்கள், கேப்போ இல்லாமல். ஐந்தரை என்றால் கேப்போ முதல் ஃப்ரெட்டில். கேப்போ போடுவது ஏமாற்று வேலை என்று சொல்பவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மேடையில் பெரிய வித்வான்களும் போடுகிறார்கள்.

ராகம் கொஞ்சம் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். அது வீணாகப் போகாது. மேஜர் ஸ்கேல் சங்கராபரணத்தின் சுரங்கள், இயல்பான மைனர் ஸ்கேல் நடபைரவியின் சுரங்கள். ச-வோடு அந்தர காந்தாரமும் ப-வும் சேர்ந்தால் மேஜர் கார்டு. காந்தாரத்தை மட்டும் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர். கார்டுகளின் பெயரை மனப்பாடம் செய்பவரைவிட இந்த வித்தியாசத்தைப் பாடிக் காட்டத் தெரிந்தவர் சீக்கிரம் முன்னேறுவார். ஆனால் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) நிறைந்த மெட்டுகளுக்குக் கார்டு போடுவது வேறு கலை. எந்தக் கார்டு சரி என்பதில் இருவர் ஒத்துப்போக மாட்டார்கள். அத்தகைய பாட்டுகளை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கிட்டாரில் கமகமே வராது என்று நினைத்துவிட வேண்டாம், கிட்டார் கலைஞர் பிரசன்னா கர்நாடகக் கச்சேரியே கிட்டாரில் செய்கிறார். அது பல வருட உழைப்பு.

வயது, விரல் நீளம். 34 வயதில் விரல் பழகாது என்பதற்கு நான் ஒரு ஆதாரத்தையும் கண்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு தொடங்கியவர்கள் என்னிடம் வாசிக்கிறார்கள். குழந்தைகளுக்கு இருக்கும் பெரிய வசதி நேரம். பெரியவர்களுக்கு இருக்கும் வசதி, நூற்றுக்கணக்கான பாட்டுகள் ஏற்கெனவே காதில் இருப்பது. விரலைப் பொறுத்தவரை ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற ஜாஸ் கலைஞரைத் தேடிக் கேளுங்கள். 1928இல் தீ விபத்தில் அவருடைய இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் செயலிழந்தன. மீதி இரண்டு விரல்களால் அவர் வாசித்ததை இன்றைக்கும் கிட்டார்காரர்கள் வியந்து படிக்கிறார்கள். குட்டை விரல் இருந்தால் சில கார்டுகளுக்கு வேறு வடிவம் தேட வேண்டியிருக்கும், உடல் சிறிய கிட்டார் மடியில் நன்றாக உட்காரும். அதற்கு மேல் அது தடை இல்லை.

யூடியூபா, வாத்தியாரா? தகவலுக்கு யூடியூப் போதும். அதில் இல்லாதது உங்கள் கையைப் பார்க்கும் கண். மாதம் முழுக்க வகுப்புக்குப் போக நேரமோ பணமோ இல்லை என்றால், நல்ல ஆசிரியர் ஒருவரிடம் ஒன்றிரண்டு வகுப்புகள் மட்டும் கேட்டுப் பாருங்கள். "நான் உட்காரும் விதம், மணிக்கட்டு, எஃப் பிடிக்கும் விதம், இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். முதல் நாளே உங்கள் கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்து, கம்பி உயரத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொன்னால் அவரை நம்பலாம். நொட்டேஷன் (எழுதிய இசைக் குறியீடு) படிக்கக் கற்பது டிரினிட்டி போன்ற கிரேடு தேர்வு எழுதவும் கிளாசிக்கல் வாசிக்கவும் அவசியம். பாடி வாசிக்க மட்டும் என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நேரம் தினமும் இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும். சுருதி சேர்த்துவிட்டு, ஐந்து நிமிடம் கம்பியை அடக்கித் தாளம், ஐந்து நிமிடம் டைமரோடு கார்டு மாற்றம், மீதி நேரம் முழுக்க ஒரே ஒரு பாட்டு. வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பாட்டை ஃபோனில் பதிவு செய்யுங்கள். வாசிக்கும்போது தாளம் நின்றது காதில் விழாது, பதிவில் விழும். கிட்டாரைச் செட்டப்புக்குக் கொடுத்து வாங்கிய பிறகு ஒரு மாதம் இப்படி வாசித்துவிட்டு, எஃப் அப்போதும் பேச மறுத்தால் 12ஆவது ஃப்ரெட்டையும் உங்கள் இடது கையையும் பக்கவாட்டில் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.